நல்லசிவம் என்று தேடினால்

ஜூன் 2, திங்கள்

அண்ணன் டிரைவர் வேலை கேட்டுப் போன மூன்றாவது இடமும் போய்விட்டது. முதலில் ரைஸ் மில், அப்புறம் கோழித்தீவன வேன், இன்று நூல் மில். அண்ணன் மூன்று மணிக்கே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “சொல்றேன்னாங்க” என்றார். “எதாவது கேட்டாங்களா?” என்றேன். “ஒண்ணுங் கேக்கல” என்றார். அதோடு படுத்துவிட்டார்.

கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. பெயரைத் தேடினால் போதும். “நல்லசிவம் டிரைவர் நாமக்கல்” என்று தட்டினால் முதலில் வருவது இதுதான்: “குடிபோதையில் பள்ளி வேன் ஓட்டிய டிரைவர், யுகேஜி சிறுமி பலி.” கீழே அண்ணனின் படம், அதற்கும் கீழே வர்ணிகா என்ற அந்தக் குழந்தையின் படம். பன்னிரண்டு வருஷம் முந்தைய செய்தி. அவர் குடித்திருக்கவில்லை, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று 2019-இல் கோர்ட் விடுதலை செய்தது. அதை எந்தத் தளமும் போடவில்லை. போட்டிருந்தாலும் யார் படித்திருக்கப் போகிறார்கள்.

மில்லில் ஆள் எடுக்கும் சசிரேகா மேடத்துக்கு நானே போன் செய்தேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஜூலை நடுவில் இன்னொரு ஸ்டாஃப் பஸ் வருகிறதாம், அப்போது மறுபடி வரச் சொன்னார். ஆக எனக்கு ஆறு வாரம் இருக்கிறது.

இப்போது வேலை பார்க்கும் குடோனில் தீவன மூட்டை தூக்கித் தூக்கி அண்ணனின் முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியிருக்கிறது. இனி பாரம் தூக்கினால் காலே வராமல் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயது. அவருக்குத் தெரிந்த இன்னொரு வேலை வண்டி ஓட்டுவதுதான். அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளியாக வேண்டும். நான் பிழைப்புக்குச் செய்வதே இந்த வேலைதான், சொந்த அண்ணனுக்குச் செய்ய இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை என்று எங்கள் முதலாளி அருள்பிரகாஷ் சார் கேட்டார். வேலைப் பளு என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டில் வேலைத் திட்டத்தை எழுதி வைக்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

முட்டை ஏற்றுமதிக்காரர், டயர் ரீட்ரெடிங் பட்டறை, நீட் கோச்சிங் என்று ஊரில் இருக்கிறவர்களின் பக்கங்களைத் தேடலில் மேலே ஏற்றுவதுதான் எங்கள் ஆபீஸ் வேலை. ஏற்றுவது கஷ்டம். இறக்குவது அதைவிடக் கஷ்டம். எதற்கு எவ்வளவு எடை போடுகிறார்கள் என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. நாங்கள் பார்த்துப் பார்த்து ஊகித்ததுதான். பக்கம் எத்தனை வருஷமாக அதே முகவரியில் இருக்கிறது, எத்தனை பேர் லிங்க் கொடுத்து அதைச் சுட்டியிருக்கிறார்கள், தேடியவர்கள் எதை அழுத்துகிறார்கள், அழுத்திப் போனவர்கள் நின்று படிக்கிறார்களா, இல்லை உடனே திரும்பி வந்து வேறொன்றை அழுத்துகிறார்களா.

அந்தச் செய்திக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம் இருக்கிறது. அதைச் சுட்டி அந்தக் காலத்தில் நாற்பது இடங்களில் எழுதியிருக்கிறார்கள், பள்ளி வாகனப் பாதுகாப்புக் கட்டுரைகள் உட்பட. போகிறவர்கள் கடைசி வரை படிக்கிறார்கள். குழந்தை செத்த செய்தியை யார் பாதியில் விடுவார்கள்.

நான் இன்றைக்குப் பிறந்த ஒரு பக்கத்தை வைத்து அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

மழை. துணி காயவில்லை. ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

புதுப் பக்கம் தயார். “நாமக்கல் ஓட்டுநர் நல்லசிவம் நிரபராதி: நீதிமன்றத் தீர்ப்பு முழு விவரம்.” தீர்ப்பின் நகல், ரத்தப் பரிசோதனை அறிக்கை, அதற்கு முன் பத்து வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியது, எல்லாம் போட்டேன். வேனில் குழந்தைகளை இறக்கிவிட ஆயா ஒருவரைப் பள்ளி போட்டிருக்க வேண்டும், போடவில்லை. குழந்தை கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க வண்டிக்குப் பின்னால் போயிருக்கிறது. இதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது.

“அன்று நடந்தது என்ன” என்று ஒரு தலைப்பு போட்டு நாலு வரி எழுதினேன். பிறகு அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டேன். தேவையில்லை, தீர்ப்பே போதும்.

செய்தி போட்ட தளத்தின் ஆசிரியர் குழுவுக்கும் தீர்ப்பை இணைத்து ஒரு மெயில் அனுப்பினேன். பதில் வரும் என்ற நம்பிக்கை இல்லை.

ஜூன் 14, சனி

புதுப் பக்கம் மூன்றாம் பக்கத்தில் எங்கோ கிடக்கிறது. யாராவது அழுத்தினால்தானே மேலே வரும். எனவே சொந்தக்காரர்கள் எட்டுப் பேருக்கு வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதினேன்: “அண்ணன் பேரைத் தேடுங்கள். கீழே கீழே போய் ‘நிரபராதி’ என்று இருப்பதை மட்டும் அழுத்துங்கள். இரண்டு நிமிஷம் திறந்து வைத்திருங்கள். மேலே இருக்கிற பழையதைத் தொடவே வேண்டாம்.”

ஆபீஸில் வாடிக்கையாளர் யாராவது இப்படிச் செய்தால் நாங்கள் சிரிப்போம். அவசரத்தில் எனக்கே அந்தப் புத்தி வந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. திருச்செங்கோட்டுப் பெரியம்மா போன் செய்தார்.

“தமயந்தி, நீ சொன்னாப்பல தேடினேன் கண்ணு. முழுசும் படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

“எதப் படிச்சீங்க பெரிம்மா?”

“அதான், மேல மொதல்ல வந்துச்சே. அந்தப் புள்ள போட்டோ போட்டிருக்குதே, அது. பக்கத்து வீட்டு சுலோச்சனாவுக்குங் காட்டினேன்.”

எட்டுப் பேரும் பழையதைத்தான் படித்திருக்கிறார்கள். தொட வேண்டாம் என்று சொன்னதால் தொட்டிருக்கிறார்கள். பெங்களூர் மாமா பையன் மட்டும் என்னுடையதைத் திறந்திருக்கிறான், நாலு செகண்ட். மூன்று நாளில் அண்ணனின் பெயர் அறுபத்தொரு தடவை தேடப்பட்டிருக்கிறது. நான் அதைக் கீழே தள்ளப் போய், ஊரைக் கூட்டி அதற்குப் பூ வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

அருள்பிரகாஷ் சார் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டார். எனக்குப் பத்து வயது இளையவர், இருந்தாலும் முதலாளி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடம், உங்க பக்கத்துக்கு வர்றவங்க சராசரி பதினொரு செகண்ட்தான் நிக்கிறாங்க. ஏன் தெரியுமா? இது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு. அதுல ஒரு மனுசன் இல்ல.”

“தீர்ப்பு இருக்குதுல்ல சார்?”

“தீர்ப்ப யாருங்க படிப்பா? அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னுதான் ஜனங்க தேடி வராங்க. பழைய பக்கத்துல அது இருக்கு, தப்பா இருந்தாலும் இருக்கு. நீங்க நெசமா நடந்தத எழுதுங்க. நின்னு படிப்பாங்க. அண்ணன் பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதுங்களேன்.”

“அவரு பேசமாட்டாருங்க சார்.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க.”

எனக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை. எனக்கென்ன தெரியும், நான் என்ன வேனுக்குள்ளயா இருந்தேன் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். டிசைன் பிரிவில் இருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாவம், எழுந்து போய்விட்டார்.

ஜூன் 21, சனி

தலைவலி என்று லீவு போட்டேன். ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். பாமாயில் வரவில்லை.

சீதா அத்தை வழியில் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்காக நான் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டேனாம், இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கச்சி கிடைப்பாளா என்றாராம் அவருடைய மருமகள். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அண்ணி 2014-இல் பிறந்த வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை, அதன் பிறகு அவருக்குச் சோறு போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு வந்துகொண்டிருந்த சம்பந்தம் அதற்கு முந்தைய வருஷமே நின்றுவிட்டது. அதில் தியாகம் ஒன்றும் இல்லை. சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

அண்ணனின் போன் சுத்தமாக நின்றுவிட்டது, இடம் இல்லை என்கிறது. “பாத்துக் குடு அம்மிணி” என்று நீட்டினார். குட்மார்னிங் படங்களை அழித்துவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்கத் தேடல் பெட்டியில் ‘ந’ என்று ஒரு எழுத்துதான் தட்டினேன். மீதியை அதுவே எழுதியது. நல்லசிவம் டிரைவர் நாமக்கல்.

வரலாற்றைத் திறந்தேன். ஒரு நாள் விடவில்லை. மதியம் ஒன்று ஏழு, ஒன்று பத்து, ஒன்று ஆறு. தீவனக் குடோனில் சாப்பாட்டு நேரம். தேடுவார், முதலில் இருப்பதை அழுத்துவார், இருபது நிமிஷம் இருப்பார். மாசக்கணக்கில், வருஷக்கணக்கில்.

பெரிய ஆட்களின் பெயர் என்றால் ஒருவர் அழுத்துவது கணக்கிலேயே வராது. எங்கள் அண்ணனின் பெயரை உலகத்தில் தேடுவதே பத்துப் பேர். அதில் ஒரு ஆள் தினமும் போய் இருபது நிமிஷம் உட்கார்ந்தால் அது எப்படிக் கீழே போகும்.

கத்திவிட்டேன். “நான் அங்க ஒருத்தியா முட்டி மோதிக்கிட்டு இருக்கறேன். நீங்களே தெனமும் போயி அத மேல தூக்கி நிறுத்திட்டு வர்றீங்களாண்ணா? கீழ போயிருச்சான்னு பாக்கறதுக்கு அத ஏன் தொறக்கறீங்க?”

அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். “நாம் பாக்கறதுனாலயா அது மேல இருக்குது?” என்று கேட்டார்.

“ஆமா.”

“செரி. பாக்கல.”

போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜூன் 27, வெள்ளி

பருப்பு தீய்ந்துவிட்டது. இருவரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

ஜூலை 3, வியாழன்

அசைந்துவிட்டது. ஒரே வாரத்தில் முதலிடத்திலிருந்து நாலாவது இடம். அண்ணனின் பெயரில் நான் ஆரம்பித்துவைத்த ஓட்டுநர் சங்கப் பக்கமும் ஒரு வீடியோவும் அதற்கு மேலே ஏறிவிட்டன. ஆபீஸில் தனியாக உட்கார்ந்து கை தட்டிக்கொண்டேன்.

அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. டிபன் டப்பா பாதி அப்படியே வருகிறது. முதுகு வலி என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டார். பெர்மிஷன் கேட்டுக்கொண்டு ஒரு மணிக்குக் குடோனுக்கு எடுத்துப் போனேன். தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். போன் தொடை மேல் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் கையை வைத்திருந்தார்.

“சாப்பிடுங்கண்ணா.”

“பசிக்கல அம்மிணி. வெச்சுட்டுப் போ.” பிறகு, “அது இப்ப எங்க இருக்குது?”

“ஏழாவதுக்குப் போயிருச்சு.”

“இன்னங் கீழ போனா அழிஞ்சுருமா?”

“அழியாது. யாரும் தேடிப் போகமாட்டாங்க, அவ்வளவுதான்.”

தலையை ஆட்டிக்கொண்டார். மூட்டையிலிருந்து சிந்திய தவிட்டைக் கையால் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“அந்தப் புள்ள போட்டோ அதுல மட்டுந்தான் இருக்குது. நானும் எங்கெங்கியோ தேடிப் பாத்துட்டேன், வேற எங்கியும் இல்ல. பன்னெண்டு நாளாச்சு பாத்து. ரிப்பன் நெனப்பு வருது, மொகம் வரமாட்டீங்குது.”

இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் தன் பெயர் அங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன், பக்கத்து சீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார், தூசி என்று நினைத்து.

ஜூலை 9, புதன்

அந்தப் படத்தை அவருடைய போனில் சேமித்துத் தருகிறேன் என்றேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“வேண்டாம். என்ற போன்ல வெச்சுக்கச் சொல்லி அவிய அப்பன் ஆத்தா குடுத்தாங்களா? எனக்கென்ன பாத்தியதை இருக்குது? அது அங்கியே இருக்கட்டும். நாம் போயிப் பாத்துட்டு வர்றதுதான் மொறை.”

தேடாமல் நேராகப் போகிற மாதிரி அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் போனின் முகப்பில் வைத்துக் கொடுத்தேன். நேராகப் போனால் தேடலுக்குத் தெரியாது, இடமும் ஏறாது என்று சொன்னேன். இன்று டப்பா காலியாக வந்தது.

ஜூலை 14, திங்கள்

இரண்டாம் பக்கம். பதிமூன்றாவது இடம். ஆறு வாரம் இருக்கிறதென்று எழுதினேன், சரியாக ஆறு வாரம். அருள்பிரகாஷ் சார் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கினார், இரண்டாம் பக்கத்துக்கு யாருங்க போறா, அது சுடுகாடு மேடம் என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார்.

ரொம்ப அசதியாக இருக்கிறது. பஃப்ஸை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

அண்ணன் காலையில் மில்லுக்குப் போனார். பன்னிரண்டு மணிக்குச் சசிரேகா மேடமே எனக்குப் போன் செய்தார்.

“தமயந்திங்களா? உங்கண்ணன் வந்துட்டுப் போனாருங்க. பஸ் ஓட்டறதுக்கு வேற ஆள் பாக்கறோம்.”

“மேடம், அந்தப் பழைய செய்தியப் பாத்துட்டுச் சொல்றீங்களா? கோர்ட்டே அவரு மேல தப்பில்லன்னு…”

“ஐயோ, நாங்க யாரும் தேடிப் பாக்கலைங்க. எங்களுக்கு லைசென்ஸ் இருந்தாப் போதும், பேரயெல்லாம் யாரு தேடிட்டு இருக்கறா. அவரே போன எடுத்து அந்தப் பக்கத்தத் தெறந்து என்ற டேபிள் மேல வெச்சாரு. மொத இதப் படிச்சுப்போட்டு அப்பறம் பேசுங்கன்னாரு. போன தடவையும் அப்படித்தான் பண்ணுனாரு. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது.

“எடம் இருக்குதுன்னு சொன்னதுக்கு, ஓட்டமாட்டேனுங்க, தங்கச்சி போகச் சொல்லுச்சு அதான் வந்தேன்னு சொல்றாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வேற என்ன வேலை தெரியும்னு கேட்டேன். பஸ் ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால நின்னு பாக்கறதுக்கு ஆள் வெச்சிருக்கீங்களான்னு கேட்டாரு. வெக்கலைங்க நாங்க. ஒன்பது பஸ் ஓடுது, ஷிப்டுக்கு ஐநூறு பேர் எறங்கறாங்க. திங்கக்கெழமையில இருந்து வரச் சொல்லிட்டேன். பாரந் தூக்கற வேலை இல்ல, நீங்க கவலப்படாதீங்க.”

நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. ரைஸ் மில்லிலும் தீவனக் கம்பெனியிலும் இதையேதான் செய்திருப்பார். ஆறு வாரமாக நான் யார் கண்ணில் படாமல் இருக்க அதைக் கீழே தள்ளினேன் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவது பொய். அரிசி ஊறப் போட வேண்டும், நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 17, வியாழன்

செய்தித் தளத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்: தீர்ப்பைப் படித்தோம், அந்தப் பக்கத்தை முழுவதுமாக நீக்கத் தயார், நீக்கினால் படங்களும் போய்விடும். அல்லது திருத்தி வெளியிடத் தயார். திருத்துவதானால் எது தவறு, சரியான விவரம் எது என்பதை எழுத்தில் தரவும்.

‘நீக்கவும்’ என்று ஒரு சொல் அடித்தால் போதும். பத்து நாளைக்கு முன்னால் வந்திருந்தால் யோசிக்காமல் அடித்திருப்பேன். இப்போது அடித்தால் ஒரு மணிக்கு அவர் போய்ப் பார்க்க இடமில்லை.

‘எது தவறு’ என்ற இடத்தில் எழுதினேன்: அவர் குடித்திருக்கவில்லை. ‘சரியான விவரம் எது’ என்ற இடத்தில் எதுவும் எழுதாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த விவரத்தை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் நாலு பத்துக்கு நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ரவிக்கை டெய்லர் கடையில் இருந்தது. கடையைச் சீக்கிரம் சாத்திவிடுவான், வரும்போது வாங்கி வாருங்கள் என்று சொன்னேன். புள்ளைங்கள எறக்கி விட்டுட்டு இருக்கறேன் அம்மிணி, அப்பறமாப் பேசறேன் என்றார். நான் வைக்கவில்லை. எந்தக் கடை, என்ன கலர், பில் நம்பர் என்ன என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் சரி சரி என்றார். வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதும் எனக்குக் கேட்டது. போன் துண்டிக்கவில்லை. ஒரு பெண் கத்துவதும், அண்ணன் “ஐயோ சாமி” என்பதும், எல்லாமே கேட்டது. நான்தான் வைத்தேன்.

போலீஸ் வாயை ஊதச் சொன்னது, நாற்றம் என்று எழுதிக்கொண்டது, செய்தி போட்டார்கள். அந்த ஒரு பதில் கிடைத்ததும் அதற்கு மேல் யாரும் எதையும் தேடவில்லை. போனை யாரும் கேட்கவில்லை. கோர்ட்டில் ஆறு வருஷம் நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் டிபன் கட்டிக்கொண்டு போனேன், வாயைத் திறக்கவில்லை. அண்ணனும் திறக்கவில்லை. வீட்டிலும் நாங்கள் இதைப் பேசியதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அண்ணன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் மிக்சியைக் கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

“அன்னிக்கு நான் போன் பண்ணாம இருந்திருந்தா அந்தப் புள்ள இருந்திருக்கும்ணா.”

துருவுவது நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

“பண்ணுனது நீ. எடுத்தது நாந்தான அம்மிணி. பேசிட்டே வண்டிய எடுத்ததும் நாந்தான். கண்ணாடியப் பாத்திருக்கோணும். பாக்கல.”

“ஏன் யார்கிட்டயுஞ் சொல்லல?”

“கேக்கல, சொல்லல. குடிச்சிருந்தியாங்கறதையே கேட்டாங்க. இல்லைன்னேன். அது நெசந்தான.” தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தார். “சொல்லியிருந்தா உன்ற பேரையும் பேப்பர்ல போட்டிருப்பாங்க. உனக்கு அப்ப இருவத்தஞ்சு வயசு.”

கீழே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக அவருக்குச் சோறு போட்டுப் பாவத்தைக் கழுவுகிறேன் என்று நினைத்திருந்தேன், அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். செய்தித் தளத்தின் பதிலைப் படித்துக் காட்டினேன். உள்ளதை எழுதப் போகிறேன் என்றேன்.

“அந்தப் புள்ளயப் பெத்தவங்க இன்னிக்கு வரைக்கும் ஒரு குடிகாரந்தான் கொன்னான்னு நெனச்சுட்டு இருப்பாங்க” என்றார். “எழுது. தெரியட்டும். நாம் போன்ல பேசுனேன்னு எழுது. உன்ற பேரு வேண்டாம்.”

சரி என்று தலையாட்டினேன்.

ஜூலை 22, செவ்வாய்

வக்கீலிடம் போனில் கேட்டேன். அண்ணன் விஷயத்தில் முடிந்த வழக்கு முடிந்ததுதான், ஆனால் வேலியில் போகிற ஓணானை எடுத்து ஏன் மடியில் விட்டுக்கொள்கிறீர்கள் என்றார். அவர் வேலை அப்படிச் சொல்வது.

பத்தரை மணிக்கு மெயிலை அனுப்பினேன். பக்கத்தை நீக்க வேண்டாம், குழந்தையின் படத்தை எடுக்க வேண்டாம் என்று எழுதினேன். குடிபோதை என்பது தவறு என்று எழுதினேன். நாலு பத்து மணி, டெய்லர் கடை, ரவிக்கை, எல்லாம் எழுதினேன். போன் செய்தவரின் பெயர் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் எழுதினேன். அண்ணனின் பேச்சை மீறியது இதுதான் முதல் தடவை.

அண்ணன் நேற்று முதல் மில்லுக்குப் போகிறார். விசில் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்து, அதைத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

திருத்தம் வந்துவிட்டது. தலைப்பை மாற்றி, கீழே என் வாக்குமூலம் முழுவதையும் போட்டிருக்கிறார்கள், ஒரு சொல் வெட்டாமல். பக்கம் அதே பழைய முகவரிதான். பன்னிரண்டு வருஷத்து எடை அப்படியே இருக்கிறது, அதோடு இன்றைய தேதியும் சேர்ந்துவிட்டது.

திருச்செங்கோட்டுப் பெரியம்மா போன் செய்தார். நான் எடுக்கவில்லை. அண்ணன் படித்தார். என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. “காப்பி போடட்டுமா?” என்று கேட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்று நாளில் அது ஏறிவிட்டது. ஆறு வாரம் நான் இழுத்துப் போட்ட தூரத்தை அது மூன்றே நாளில் நடந்து வந்துவிட்டது. நான் எழுதிய தீர்ப்புப் பக்கமெல்லாம் கீழே எங்கோ.

அருள்பிரகாஷ் சார் காலையில் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். படித்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

“மேடம், இப்ப அவரு பேருக்கு மட்டும் இல்ல. உங்க பேரத் தேடினாலும் அதான் வருது. ஊர்ல எல்லாருக்கும் தெரியும் நீங்க இங்க வேலை செய்யறது. நம்ம டீமே உக்காந்தா கீழ எறக்கிடலாம். ஆரம்பிக்கட்டுமா?”

“வேண்டாங்க சார்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அவர் போன பிறகு தேடல் பெட்டியைத் திறந்தேன். பதினோரு வருஷமாக ஊரில் உள்ளவர்களின் பெயரையெல்லாம் அதில் தட்டியிருக்கிறேன், என் பெயரை ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. தட்டினேன். தமயந்தி, நாமக்கல். முதலிடத்தில் இருந்தது. உள்ளே போனேன். குழந்தை இரட்டைப் பின்னலில் சிரித்துக்கொண்டிருந்தாள், முன்பல் ஒன்று இல்லை. அந்த முகத்தை நான் அதுவரை நேராகப் பார்த்ததே இல்லை, எப்போதும் வேகமாகக் கீழே தள்ளிவிட்டுப் போய்விடுவேன். இன்று அங்கேயே நின்றேன். வர்ணிகா, போன் செய்தது நான்தான் என்று வாய்விட்டுச் சொன்னேன்.